ஆறு இலக்கச் சம்மதம்

மாதப்பன் செல்போனை முன்னால் நீட்டிப் பிடித்தபடி மாடியறைக்குள் வந்தபோது பூவிழி மீட்டிங்கில் இருந்தாள்.

லேப்டாப்பில் ஐந்தாறு முகங்கள். வரன் தேடும் செயலி ஒன்றுக்கு அவர்களுடைய குழு புதுத் தோற்றம் வரைந்து கொடுத்திருந்தது. நேற்றுதான் அது எல்லோர் போனுக்கும் வந்திருந்தது. வாடிக்கையாளருக்குப் பரம திருப்தி என்று பெங்களூரிலிருந்து மேனேஜர் சொல்ல, அவள் அப்போதுதான் நன்றி சொல்லி முடித்திருந்தாள்.

"பாப்பா, இதப் பாரேன். யாரையும் கேக்காம நானே பண்ணிட்டேன்."

அவர் கையில் இருந்தது அதே செயலி.

பழைய செயலியோடு அப்பா பட்ட பாடு அவளுக்குத் தெரியும். பொடி எழுத்து. பாதி இங்கிலீஷ். எதை அழுத்தினால் எங்கே போகும் என்று தெரியாமல் தடுமாறி, கடைசியில் போனைக் கட்டிலில் வீசிவிடுவார். கொஞ்சம் போட்டுக் கொடு என்று கேட்டால், வேலை இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்பாள்.

அந்தத் தடுமாற்றத்தின் மறைவில்தான் அவள் இத்தனை நாளும் இருந்தாள்.

ஆனால் வேலை என்று வந்தபோது, அவரை மனதில் வைத்துத்தான் வரைந்தாள். படிக்கக் கஷ்டப்படும் பெற்றோருக்கும் புரிய வேண்டும் என்பது வாடிக்கையாளரின் நிபந்தனை. அவளுக்குத் தெரிந்த அப்படிப்பட்ட பெற்றோர் இந்தக் கடத்தூரில் இவர்தான். இவருடைய கட்டைவிரல் எங்கே போகும், கண் எதில் நிற்கும் என்று பார்த்துப் பார்த்து வைத்தாள்.

"எடுத்த எடுப்புலயே நம்ம சனத்துல மட்டுமான்னு கேக்குது. ஆமான்னு அதுவே டிக்கும் போட்டு வெச்சிருக்குது. எவன் செஞ்சானோ, நல்லா இருக்கட்டும்" என்றார் மாதப்பன்.

முதலில் அந்தப் பக்கம் அப்படி இல்லை. 'எந்தச் சாதியானாலும் சம்மதம்' என்று ஒரு வரி இருந்தது, பச்சை நிறத்தில், பெரிதாக. அவளும் உடன் வேலை செய்யும் குருவும் சேர்ந்து வைத்தது. வாடிக்கையாளர் அதைக் கீழே தள்ளச் சொன்னார். பிறகு உள்ளே கொண்டுபோய் வைக்கச் சொன்னார், தேடினால்தான் கிடைக்க வேண்டும் என்றார். குரு மாட்டேன் என்று சொல்லிவிட்டான். மேனேஜர் அந்த வேலையை அவளிடம் கொடுத்தார்.

அவள் செய்தாள். இந்த வேலை போனால், மாதம் ஒருமுறை பெங்களூர் போய்வர வீட்டில் சொல்லும் காரணமும் போய்விடும்.

எங்கேயோ ஒரு மூலையிலாவது அந்த வரி இருக்கிறதே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். வெளியாவதற்கு முன் செயலியைக் கிராமங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

மேசைமேல் அவளுடைய போன் அதிர்ந்தது.

'உங்கள் சம்மதத்துடன்தான் இந்த விவரங்கள் பதிவாகின்றன. சம்மதமென்றால் மட்டும் இந்த ஆறு இலக்க எண்ணைத் தெரிவிக்கவும்.'

அவள் எழுதிய வாக்கியம். பெண்ணைக் கேட்காமல் யாரும் பதியக்கூடாது என்று வாடிக்கையாளரிடம் அவள் வாதாடினாள். அவர் உடனே தலையாட்டினார். ஒன்றிலாவது ஜெயித்தோம் என்று அன்று நினைத்திருந்தாள்.

"உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதச் சொல்லிட்டா முடிஞ்சுது."

டவர் இல்லை என்று சொல்லலாம். இன்னும் வரவில்லை என்று சொல்லலாம். அவள் வாயைத் திறந்தாள்.

மாதப்பன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். குரல் தணிந்திருந்தது.

"நல்லம்பள்ளியில என் கூட்டாளி ஒருத்தன், பொண்ணு பண்ண வேலையில வூட்டப் பூட்டிட்டு ஊர வுட்டே போயிட்டான். எங்க இருக்கறான்னு இன்னி வரைக்கும் தெரியல. நீ எனக்கு அந்த மாதிரி எதுவும் வெக்கல பாப்பா. அது போதும்."

அவர் விரல் திரைக்கு மேலே காத்துக்கொண்டிருந்தது.

அவள் எண்ணைச் சொன்னாள். ஒவ்வொன்றாக, அவர் தேடி அழுத்துவதற்கு நேரம் விட்டு. ஐந்தாவதை அவர் தவறாக அழுத்திவிட, அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னாள்.

திரை நிறைய மல்லிகைப் பூக்கள் உதிர்ந்தன. வாழ்த்துகள் என்று வந்தது. மாதப்பன் ஒரு நொடி அதையே பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனைவியிடம் காட்டக் கீழே இறங்கிப் போனார்.

பூவிழி லேப்டாப் பக்கம் திரும்பினாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நன்றி சொன்ன பிறகு அவள் மைக்கை அணைக்கவில்லை.

"அப்பாவே நம்ம யூசர் போல" என்று மேனேஜர் சிரித்தார். இன்னும் இருவர் கை தட்டினார்கள். அடுத்தது குருவின் பகுதி என்று மேனேஜர் அவனைக் கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார்.

குருவின் முகம் இருந்த கட்டம் கறுத்துக் கிடந்தது. கீழே பெயர் மட்டும் இருந்தது.

போன தை மாதம் ஓசூரில், பதிவாளரின் மேசைமுன் அவள் கணவனாகக் கையெழுத்துப் போட்டவன், அந்தக் கறுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறானா, எழுந்து போய்விட்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை.