கமிட்டிக்கு அடைக்கோழி

பாவி, அடைக்கோழியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

குப்பம்மாள் சாமைக் கொல்லையிலிருந்து வந்து பார்த்தபோது கூடையில் முட்டைகள் மட்டும் கிடந்தன. தொட்டாள். சூடு ஆறவில்லை.

யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். புதூர்நாட்டு சர்க்கார் பங்களாவில் கரண்டு கமிட்டி வந்து இறங்கியிருக்கிறது. தலையாரி முனியன் காலையிலிருந்து வீடு வீடாகக் கோழி தேடிக்கொண்டு திரிகிறான்.

அடையில் குந்தியிருக்கும் கோழியை மலையில் எவனும் தொடமாட்டான். பட்டினி கிடந்தாலும் தொடமாட்டான். ஆனால் முனியன்தான் என்ன செய்வான், ஊரில் வேறு கோழி இருந்தால்தானே!

அறுபதாம் வருஷம் முதலில் இரண்டு பேர் வந்தார்கள். மலைமேல் மின்சார லைன் போகப்போகிறது, போகிற போக்கில் ஊருக்கும் லைட் போட்டுத் தருவோம் என்றார்கள். வழியைப் பார்த்தார்கள், கோழி தின்றார்கள், செலவு ஜாஸ்தி என்று சொல்லி இறங்கிப் போனார்கள்.

அந்தச் செலவைக் குறைக்க முடியுமா என்று பார்க்க அடுத்த வருஷம் நாலு பேர் வந்தார்கள். அவர்களும் தின்றார்கள்.

அப்புறம் மெட்ராஸில் யாருக்கோ ஞானோதயம் ஆயிற்றாம். பரிசீலிக்கிற முறையே சரியில்லை, இனிமேல் மண்டலத்துக்கு ஒரு கமிட்டி, அது நேரிலேயே போய்த் திட்டத்தையும் செலவையும் அலசவேண்டும் என்று. நல்ல சீர்திருத்தம்! இப்போது ஏழு பேர்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அந்த முக்கால் பணமும் இந்த ஊர்க் கோழிகளின் கழுத்தில்தான் விடிந்தது.

முதல் தடவை வந்தவர்களுக்குக் குப்பம்மாளே கூப்பிட்டுக் கோழி கொடுத்தாள். கொடுக்கமாட்டாளா? இருட்டில் பாம்பை மிதித்துத்தான் அவள் புருஷன் போய்ச் சேர்ந்தான். அன்றைக்கு வீட்டில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் இல்லை.

அதற்குப் பிறகு அவள் விளக்கு அணைந்ததே இல்லை. அந்த அடைக்கோழி சிவப்பி குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் வளர்ந்ததும் ஆலங்காயம் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பாள், மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு மலையேறுவாள். அந்தச் சிவப்பிதான் இப்போது இல்லை.

ஆனாலும் அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. ஆலங்காயத்துக்கு வெளியே இரும்புக் கோபுரங்கள் வரிசையாக நிற்பதை அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். அடிவாரம் வரைக்கும் வந்தாச்சு, இனிமே ஏற வேண்டியதுதான் பாக்கி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததும் அவள்தான்.

கூடையைப் பழம்புடவையால் மூடி, மார்போடு அணைத்துக்கொண்டு பங்களாவுக்கு நடந்தாள்.

சமையல்கட்டுக்குப் பின்னால் சிவப்பு இறகு கொட்டிக் கிடந்தது. உள்ளே மசாலா வாசனை. முனியன் ஓடிவந்து கையைப் பிடித்தான். உதறிவிட்டு வராந்தாவில் ஏறினாள்.

பெரிய அதிகாரி ஆதிநாராயணன் சாய்வு நாற்காலியில் இருந்தார். மற்ற ஆறு பேரும் மேஜைமேல் மலைப் படத்தை விரித்துவைத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள்.

கோழியைக் கேட்டுச் சண்டை போட அவள் வரவில்லை. வழியெல்லாம் மனசுக்குள் பேசி முடித்துவிட்டாள். லைட் வருவது நிஜம் என்றால் கோழி போகட்டும். முட்டையும் போகட்டும். அப்புறம் மண்ணெண்ணெய் எதற்கு?

"லைட்டு எப்பங்க தொர வரும்? கம்பி எப்பங்க மலையேறும்?"

ஆதிநாராயணன் நல்ல மனுஷர். ஏழைகளிடம் எரிந்துவிழத் தெரியாதவர். அதுதான் வயிற்றெரிச்சல். சிரித்த முகத்தோடு சொன்னார்:

"லைன் கீழேயே ஆலங்காயம் பக்கமா சுத்திப் போட்டு முடிச்சாச்சேம்மா! போன வருஷமே கரண்டும் விட்டாச்சு. மலைமேல போட்டிருந்தா செலவு கம்மியா ஆகியிருக்குமான்னு பார்க்கத்தான் நாங்க வந்திருக்கோம்."

கம்மியாகத்தான் ஆகியிருக்கும் போலிருக்கிறது என்றும் சொன்னார். அதைக் கண்டுபிடித்ததில் அவருக்கு நிஜமாகவே சந்தோஷம்.

குப்பம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படியானால் அந்தக் கோபுரங்கள் மலைக்கு வரவே இல்லை. சந்தைக்குப் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டாளே, அவை அவள் ஊரை ஒதுக்கிவிட்டு வேறெங்கோ போய்க்கொண்டிருந்தவை.

பழம்புடவையை விலக்கினாள். கூடையை அவர் மடியில் கவிழ்த்தாள்.

முட்டைகள் உருண்டன. ஆதிநாராயணன் பதறிப்போய் இரண்டு முழங்காலையும் சேர்த்து இறுக்கிக்கொண்டார். ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

"நாலு வருஷமா குந்திகினுதான கீறீங்க எல்லாரும்? இதும்மேலயும் ஒரு வாரம் குந்துடா. இதுனாச்சும் பொரியட்டும்."

சொல்லிவிட்டு அவர் எதிரிலேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். காவலுக்கு உட்கார்ந்த மாதிரி.

ஆதிநாராயணன் அசையவில்லை. அசைந்தால் உடைந்துவிடும்.

உள்ளேயிருந்து சமையல்காரன், நடந்தது எதுவும் தெரியாமல், கோழி வெந்துவிட்டது, இலை போடலாமா என்று கேட்டான்.