சீதன வீட்டை விற்றவர்

"வெட்கமில்லையோ உமக்கு? பெண்சாதியின்ர சீதன வீட்டை விக்கிற ஆம்பிளையை நான் இப்பதான் காணுறன்!"

பதுளை ஸ்டேசனில் இறங்கி வந்தவர் முகம்கூடக் கழுவவில்லை. வாசலில் கால் வைத்ததுமே தொடங்கிவிட்டார் சிற்றம்பலம். யாழ்ப்பாணத்தில் வீடு விற்பதென்றால் முதலில் சொந்தக்காரரிடம் கேட்க வேண்டும். அந்த முறைக்குத் தகவல் வந்ததால்தான் தங்கையின் வீடு விலைப்படப் போவதே அவருக்குத் தெரிந்தது.

தங்கை புருசன் தர்மராசா பதுளை ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கிறவர். தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"இருங்கோ மச்சான். தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம்."

"உம்மட தேத்தண்ணி ஆருக்கு வேணும்? போன வருசம் தமிழருக்கு அடிச்ச கலவரத்துக்குப் பிறகு எங்கட ஆக்கள் இங்க உள்ளதையெல்லாம் வித்துப்போட்டு ஊருக்கு ஓடி வருகினம். அங்க ஒரு வீடு யானை விலை. இங்க கேப்பாரில்லை. நீர் அங்க இருக்கிறதை வித்து இங்க வாங்கப் போறீராம்!"

"அங்க விலை கூட, இங்க மலிவு. அதுதான் மச்சான் விசயமே."

"ஐயா செத்த பிறகு அம்மா தன்ர தாலிக்கொடியை வித்துக் கட்டின வீடு அது! உமக்கு மலிவு பாக்கிறதுக்கோ கட்டினவ?"

கதவோரம் நின்ற தங்கை இராசமணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அண்ணை, அது வந்து..."

"நீ உள்ளுக்குப் போ," என்று வெட்டினார் தர்மராசா. "ஆம்பிளையள் கதைக்கேக்க உனக்கென்ன கதை?"

அவள் போய்விட்டாள். சிற்றம்பலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் இவள் வாய்க்குப் பயந்து பால்காரன் தண்ணீர் கலக்க மாட்டான். அவளை இப்படி அடக்கி வைத்திருக்கிறானே!

"பிள்ளையளை எங்க வளக்கப் போறீர்? கல்லெறி விழுந்த ஊரிலயோ?"

"இங்கதான் மச்சான். முடிவெடுத்திட்டன்."

"அம்மாவுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

"நான்தான் பிடிவாதம் பிடிச்சனான் எண்டு சொல்லுங்கோ."

"சொல்லத்தான் போறன்!"

வாங்குகிறவன் மசியாவிட்டால் விற்கிறவனைப் பிடிப்போம் என்று மறுநாள் காலையில் துணிக்கடைத் தங்கராஜாவைத் தேடிப் போனார். அவர் கடையை மூடிவிட்டு, தர்மராசாவுக்கு விலைபேசிய வீட்டையும் கொடுத்துவிட்டு, திருச்சிப் பக்கம் போகிற ஆயத்தத்தில் பித்தளைச் சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க. யாழ்ப்பாணத்து அண்ணனா? நாற்காலியெல்லாம் கட்டியாச்சுங்க, இந்தப் பொட்டி மேல உக்காருங்க."

"முதலாளி, இந்த வீட்டை என்ர மச்சானுக்குக் குடுக்காதேங்கோ. பெரிய உதவியாய் இருக்கும்."

தங்கராஜா சிரித்துவிட்டார். "இதையேதாங்க அவரும் கேட்டாரு."

"ஆர்?"

"உங்க மச்சான்தாங்க! அவருக்கு ஊரோட போயிடணும்னு ஆசை. 'எங்க வீட்டம்மா வந்தா வெலையை ஏத்திச் சொல்லுங்க, அப்பதான் விடுவா'ன்னு கையைப் புடிச்சிக்கிட்டாரு. ஊரு பூரா வெலை எறங்கிக் கெடக்கு, வாங்குறவரே ஏத்தச் சொல்றாரு! நானும் ஏத்திப் பாத்தேன். அந்தம்மா மூஞ்சியில ஒரு சுளிப்பு இல்லீங்க. 'சரி'ன்னுட்டாங்க. அப்புறம் எனக்குத்தான் மனசு கேக்காம பழைய வெலைக்கே எறக்குனேன்."

சிற்றம்பலம் பெட்டியிலிருந்து எழுந்தேவிட்டார். "இராசமணியோ? அவளே வந்து கேட்டவள்?"

"ஆமாங்க. சமையல்கட்டு ஒழுகும்மான்னு சொல்றேன், கூரையை நிமிந்துகூடப் பாக்கல. அந்தப் பக்கத்து வீட்டைத்தான் பாத்துக்கிட்டு நின்னாங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அவுங்க ஸல்மா. கலவரத்தப்ப உங்க தங்கச்சி புள்ளைங்க அவுங்க வீட்டுலதாங்க இருந்துச்சுங்க. கூட்டமா வந்தானுங்க. அவுங்க வீட்டுக்காரரு ஜௌபர் நானா, வாசல்ல நாற்காலியப் போட்டு உக்காந்துட்டாரு. 'உள்ள இருக்கறது என் புள்ளைங்க, என்னைத் தாண்டிப் போ'ன்னாரு. ஒருத்தனும் தாண்டலீங்க."

தங்கராஜா சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினார்.

"'ஊர்ல எனக்கு வீடு இருக்கு மொதலாளி, இப்படிப் பக்கத்து வீடு இல்லை'ன்னாங்க உங்க தங்கச்சி."

மாலையில் ஸ்டேசனுக்குப் பையைத் தூக்கி வந்தார் தர்மராசா. சிற்றம்பலம் பையை அவரிடமிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"ஏன் காணும், பழியை நீர் தூக்கினீர்?"

தர்மராசாவுக்கு முகம் மாறிவிட்டது. "முதலாளி சொல்லிப்போட்டாரோ?... மாமி நெஞ்சு வருத்தக்காரி, மச்சான். மருமகனைத் திட்டினால் அவவுக்கு ஆறிப்போகும். பெத்த மகளே வித்தவள் எண்டு தெரிஞ்சால் ஆறாது."

"உமக்கு இங்க இருக்கப் பயமில்லையோ?"

"பயம்தான். ஆனால் அவள் சொல்லுறது சரி எண்டும் விளங்குது. என்ன செய்ய?"

ரயில் வந்தது. சிற்றம்பலம் மச்சானின் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டு ஏறினார்.

ஊரில் அம்மா வாசல் படலையடியிலேயே காத்து நின்றாள்.

"என்னவாமடா உன்ர மச்சான்?"

"கல்லுப் போல நிண்டிட்டான், அம்மா. நான் காலில விழாத குறை. அசையேல்லை."

"கட்டையில போவான்! பாவம் என்ர பிள்ளை, வாயில்லாப் பூச்சி. அவனுக்கு முன்னால என்னெண்டு கதைப்பாள்?"

சிற்றம்பலம் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஓமம்மா. வாயே திறக்கேல்லை."