ஒழுகாத படகு

ஜீவனஹள்ளி வீட்டு வாசலில் தணிகாசலம் ஆறு வருடமாகப் பழுதுபார்த்து வந்த மோட்டார் படகு, ஏரியில் இறக்கும்போதெல்லாம் ஒழுகியது. ஓட்டைதான் அகப்படவில்லை. உள்ளே தண்ணீர் ஊற்றினால் கசியும் இடம் வெளியே தெரிந்துவிடும் என்று சனிக்கிழமை மாலை குழாயைப் போட்டு விளிம்புவரை நிரப்பினார். ஞாயிறு காலை படகு காலியாக இருந்தது. அடியில் சிமெண்ட் தரை காய்ந்து கிடந்தது.

"குடிக்கிற காவேரித் தண்ணி! எங்க போச்சு?" என்றாள் மனைவி அமுதா.

"தெரிஞ்சா அடைச்சிருக்க மாட்டேனா?"

"போதும். ரஃபீக் பாய வரச் சொல்லிட்டேன். இனிமே இந்த வாசல்ல ஒண்ணு அது, இல்ல நான்."

பழைய சாமான் கடை ரஃபீக் இரண்டு ஆட்களோடு டெம்போவில் வந்தார். மூவரும் தூக்கினார்கள். படகு அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தணிகாசலமும் கை கொடுத்தார். அப்போதும் அசையவில்லை.

"என்னா அண்ணா, தண்ணிய எறச்சிட்டு குடுக்கக் கூடாதா?" ரஃபீக் மூச்சு வாங்கினார்.

"காலிப் படகு பாய். நீங்களே பாருங்க."

ரஃபீக் எட்டிப் பார்த்தார். மறுபடி குனிந்து ஒரு முறை தூக்கிப் பார்த்தார்.

அமுதாவுக்குப் பொறுமை போயிற்று. "நாலு ஆம்பளைங்க, ஒரு டப்பாவத் தூக்க வக்கில்ல" என்று வந்து, உள்ளே என்னதான் இருக்கிறதென்று குனிந்தாள். அவள் முந்தானை சரிந்து படகுக்குள் விழுந்தது. அது அடிவரை போகவில்லை. விளிம்புக்குச் சற்றுக் கீழே விரிந்து, மெல்ல ஆடியபடி மிதந்தது.