வலை நிறைய மீன்

"இந்த ஆத்துல ஒரு மீன்குஞ்சுகூட உசுரோட இல்லைங்கய்யா. சாயத் தண்ணியைத் திறந்துவிட்டு எல்லாத்தையும் கொன்னுட்டாங்க" என்று மீன்காரி அதிகாரியிடம் குமுறினாள். புகார் கொடுத்தவள் அவள்தான்.

பக்கத்தில் நின்ற சாய ஆலை மேனேஜர் சிரித்தார். "அங்க பாருங்க சார்."

நடு ஆற்றில் ஒருவன் கரைக்கு முதுகைக் காட்டியபடி படகில் நின்று வலையை இழுத்துக்கொண்டிருந்தான். வலை கொள்ளாமல் மீன்கள் துள்ளின.

அதிகாரியின் முகம் கடுத்தது. "ஏம்மா, கண்ணு முன்னாடியே துள்ளுது. வாய் கூசாம பழி போடுறியே? பதில் சொல்லு!"

அவள் படகையே வெறித்துப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லைங்க. தப்பா சொல்லிட்டேன்."

அதிகாரியும் மேனேஜரும் ஒரே காரில் ஏறிப் போனார்கள்.

படகு கரைக்கு வந்தது. இறங்கியவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"குளத்து மீனை வாங்கி வலையில போட்டுக்கிட்டு ஆத்துல இழுக்கிறியா? அதிகாரி முன்னாடி கட்டின பொண்டாட்டியையே பொய்க்காரி ஆக்கிட்டியேய்யா!"

"வீட்டுல அடுப்பு எரிய வேணாமா? ஆலையில நிரந்தரமா வேலை தர்றேன்னாங்க."

"உனக்கு மீன் பிடிக்கிறதை விட்டா என்ன தெரியும்? அங்க என்ன வேலை?"

அவன் வலையைச் சுருட்டினான்.

"மீன் பிடிக்கிற வேலைதான். அதிகாரிங்க வர்றப்பல்லாம்."