கடல்மேல் நலங்கு

தாமரை மறுபடியும் தண்ணீருக்குள் தலையை விட்டாள்.

படகில் உட்கார்ந்திருந்த அக்கா ரமணிக்குத் தெரிந்ததெல்லாம் மூச்சு விடுகிற ஒரு நீலக் குழாயும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையும்தான். இன்னும் ஐந்தே நிமிஷம் என்று அந்தக் குழாய்க்குள்ளிருந்து கெஞ்சல் வருவது இது நான்காவது முறை.

எட்டு நாளில் கல்யாணம். இந்த வெயிலில் ஒன்றரை மணி நேரம் குப்புற மிதந்தால் முதுகு என்ன கதியாகும்? மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை ஒன்றும் கேட்க மாட்டார்கள். கூட்டிக்கொண்டு போன அக்காவைத்தான் கேட்பார்கள்.

விடியற்காலை நாலு மணிக்குக் கிள்ளானிலிருந்து லூமுட் படகுத்துறை வரைக்கும் வாடகை வேனை ஓட்டியவள் ரமணி. அங்கிருந்து பங்கோர் தீவுக்குப் போகும் ஃபெரியில் மலர்விழிக்கு வாந்தி வர, பிளாஸ்டிக் பை பிடித்தவளும் ரமணிதான். மலர்விழி, தாமரையோடு வேலை செய்கிறவள். அவளைத் தவிர இன்னும் மூன்று தோழிகள். எல்லோருக்கும் காலைச் சாப்பாட்டுக்கு நாசி லெமாக் வாங்கி, சன்ஸ்கிரீன் தேய்த்து, தாமரையின் தோளில் கிடந்த 'மணப்பெண்' பட்டை காற்றில் பறக்காமல் ஊக்குக் குத்திவிட்டதும் அவளே. போதாக்குறைக்குப் படகுக்காரர் அவளை மக்சிக் என்று கூப்பிட்டு ஆன்டியாக்கிவிட்டார். முப்பத்தாறு வயதில் அதையும் கேட்டாயிற்று.

அம்மாவுக்கு இந்தப் பயணத்தில் துளியும் இஷ்டமில்லை. எது நடந்தாலும் உன் தலையில்தான் விழும் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினாள். மிரட்டலுக்குச் சொல்லவில்லை, வீட்டு வழக்கத்தைத்தான் சொன்னாள். ஜெல்லிமீன் கொட்டினாலும் சரி, சாதாரணச் சளி பிடித்தாலும் சரி, யாரோடு போனாள் என்பதுதான் பெரியம்மாவின் முதல் கேள்வியாக இருக்கும்.

படகுக்காரர் கறுத்து வரும் வானத்தைக் காட்டி, இன்னும் அரை மணி நேரம்தான் என்றார். ரமணி ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து மேலே இழுத்தாள். இடுப்பு விட்டுப்போனது.

கடைசியாக ஏறிய தாமரை தலையைக்கூடத் துவட்டவில்லை. நேரே பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். அரைத்த மஞ்சளும் சந்தனமும்.

படகில் நலங்கு வைக்க வேண்டும் என்று ஒரு வாரமாக அடம். படம் பிடித்துப் போட வேறு கூத்தே கிடைக்கவில்லையா என்று ரமணி வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் முறைப்படி நலங்கு இருக்கிறது. பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் சொல்லியாயிற்று, ஏழு சுமங்கலிகளையும் அழைத்தாயிற்று. அதற்குள் என்ன அவசரம்? உப்புத் தண்ணீர் சொட்டுகிற முகத்தில் மஞ்சள்தான் நிற்குமா?

சீக்கிரம் ஆரம்பி, மழை வருகிறது என்று ரமணி மலர்விழியை விரட்டினாள். மலர்விழி கல்யாணமாகி ஒரு குழந்தையும் பெற்றவள். அவள் கைதான் முதலில் வைக்க வேண்டும்.

மலர்விழி எழுந்திருக்கவில்லை. மற்ற மூவரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையிலும் போன் இல்லை.

தாமரை டப்பாவை ரமணியின் மடியில் வைத்துவிட்டு முகத்தை நீட்டினாள்.

"என்னடி விளையாட்டு இது? நான் வைக்கக் கூடாதுன்னு தெரியும்ல."

நலங்கு வைப்பது புருஷனோடு வாழ்கிறவர்கள் வேலை. ரமணிக்கு விவாகரத்தாகி மூன்று வருஷம். போன வருஷம் சித்தி மகளின் நலங்கில், சந்தனக் கிண்ணத்தை நோக்கிப் போனவளைப் பெரியம்மா தோளைத் தொட்டு அடுப்படிக்குத் திருப்பிவிட்டார். பாயசம் அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவளும் பார்த்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம உன்ன கிட்ட விட மாட்டாங்கக்கா. அதான் இவ்ளோ தூரம் வந்தோம் லா. மொதக் கை நீதான் வைக்கணும்."

ரமணிக்குக் கோபம்தான் வந்தது. வீட்டிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் நாலு மணிக்கு வேனை எடுத்து இத்தனை பாடு பட்டிருக்க வேண்டாம். சொல்லியிருந்தால் அவள் வந்தே இருக்க மாட்டாள். இந்தக் கழுதைக்கு அதுவும் தெரிந்திருக்கிறது.

அவள் மஞ்சளைத் தொட்டாள். படகுக்காரர் இன்ஜினை இன்னும் முடுக்கவில்லை. அலையும் இல்லை.

ஆடாமல் உட்கார் என்று தங்கையை அதட்டினாள்.

தாமரை ஆடவே இல்லை.