ஈரமண்ணுக்கு ஒரு விளக்கம்

அந்தப் பனைமரம் ஆந்தைகளின் பொறுப்பில் இருந்தது. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு மட்டும்தான் அதில் இடம். வெறும் கூடு என்றால் பிய்த்துப் போட்டுவிடும்.

ஓலை நுனியில் பாதிக் கூடு கட்டியிருந்த தூக்கணாங்குருவி, கீழே மரப்பொந்தில் இருந்த ஆந்தைகள் முன்னால் போய் நின்றது.

"இது கூடே இல்லைங்க ஐயா. காற்றுக்கும் நார்ப் பின்னலுக்கும் உள்ள உறவைப் பற்றிய ஆய்வு."

"உள்சுவரில் ஈரமண் அப்பியிருக்கிறதே, எதற்கு?" என்று கேட்டது தலைமை ஆந்தை.

சாயங்கால வெயில் பட்டால் அந்த மண் மினுங்கும். அந்த அழகுக்காகத்தான் குருவி குளத்துக்கும் மரத்துக்குமாக அலைந்து அதை அப்பியிருந்தது. ஆனால் அழகு என்ற பேச்சை எடுத்தாலே ஆந்தைகள் கொட்டாவி விடும்.

"எடைச் சமநிலைக்கான பரிசோதனைங்க ஐயா."

ஆந்தைகள் தலையாட்டின. இடம் கிடைத்துவிட்டது.

குருவி சந்தோஷமாகக் கூட்டுக்குப் பறந்தது. பாதிக் கூட்டைப் பார்த்துப் பிடித்தால்தான் பெண்குருவி குடிவரும். அது அவற்றின் வழக்கம். அப்படிப் பார்க்க வந்த பெண்குருவி ஒன்று பக்கத்து ஓலையில் உட்கார்ந்திருந்தது.

"வாங்க, உள்ளே வந்து பாருங்க. பிடிச்சிருக்கா?"

"அந்த மண்ணைப் பார்த்துட்டுத்தான் வந்தேன். யாரோ ஆசை ஆசையா அப்பியிருக்காங்கன்னு நினைச்சேன்," என்றது பெண்குருவி. "நீங்க கீழே பேசினது கேட்டுச்சு. இது கூடே இல்லையாமே."

சொல்லிவிட்டுப் பறந்து போயிற்று.

குருவி உள்ளே எட்டிப் பார்த்தது. வெயில் சரியாக அந்த மண்ணில் விழுந்து மினுங்கியது. அதில் தன் அலகு பதிந்த தடங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.