ஓரளவு ஊழியர்

இந்த மில்லில் யாரையும் வேலையை விட்டு நிறுத்துவதில்லை. ஆட்களை நல்லவன், மோசமானவன் என்று இரண்டாகப் பிரித்ததெல்லாம் பழைய நிர்வாகம். இப்போது சூப்பர்வைசர் சொல்லும் வார்த்தையை எடைபோட்டு, ஒருவர் எந்த அளவுக்கு ஊழியர் என்று இயந்திரம் முடிவு செய்கிறது. உற்பத்தி கூடியிருக்கிறது, சந்தேகமே இல்லை.

சூப்பர்வைசர் தவமணி, தன் தங்கை புருஷன் பழனிவேலைப் பற்றி மட்டும் எப்போதும் "ஓரளவு" என்றே சொல்லி வந்தார். சொந்தக்காரனைத் தூக்கிவிடுகிறார் என்று யாரும் பேசிவிடக் கூடாதே!

இன்று நூற்பு மிஷின் முன்னால் பழனிவேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அதே மில்லில் வேலை செய்யும் அவன் மனைவி பூங்கோதையும் தவமணியும் கூடவே ஏற, ஓட்டுநர் இல்லாத மில் ஆம்புலன்ஸ் பறந்தது. ஆஸ்பத்திரிக்குப் பாதி தூரம்கூடப் போகவில்லை. பொட்டல்காட்டு ரோட்டில் ஓரங்கட்டி நின்றுவிட்டது.

"இவர் ஓரளவு ஊழியர். இவருக்கு உரிய தூரம் முடிந்தது" என்றது ஸ்பீக்கர்.

பூங்கோதை அண்ணனைப் பார்த்தாள். "அவரு வேல அவ்வளவு மோசமாண்ணே?"

"மாப்ள மாதிரி வேலைக்காரன் நம்ம மில்லுலயே கெடையாது தாயி."

"அத இதுகிட்ட சொல்லுண்ணே!"

தவமணி ஸ்பீக்கரில் வாயை வைத்துக் கத்தினார். "ரொம்ப நல்ல வேலைக்காரன்! ரொம்ப ரொம்ப நல்ல வேலைக்காரன்!"

இயந்திரம் சற்று யோசித்தது.

"சொன்னவர் உறவினர். ஓரளவு நம்பலாம்."

வண்டி இன்னும் கொஞ்ச தூரம் ஓடி, மறுபடியும் நின்றது.